விளையை (தோட்டத்தை) வித்து துபாயில ஃப்ளாட் வாங்குறதுக்கு முன்னால

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்துல இருந்து எழுதுறேன். வயசு 61. 1994ல ஷார்ஜா போயி 2019ல ஊருக்கு வந்தவன், இருபத்தஞ்சு வருஷமும் எலக்ட்ரீஷியன் வேலை, கடைசி ஒம்பது வருஷம் ஃபோர்மேன். பேப்பருக்கெல்லாம் இதுக்கு முன்னால எழுதினது கிடையாது. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல முழுப்பக்க விளம்பரம் வந்துது, நாகர்கோவில்ல ஒரு ஹோட்டல் ஹால்ல வெளிநாட்டு வீடு விக்கிற எக்ஸ்போன்னு, "வருஷம் முழுக்க வெயில், கண்ணுக்கு முன்னால கடல், குடும்பத்தோட செட்டில் ஆகலாம்"னு போட்டிருந்தாங்க. அதைப் பாத்துட்டு என் அக்கா மகன் கத்தார்ல இருந்து லீவுல வந்தவன் என்னையும் கூட்டிட்டுப் போனான், அங்க பாத்ததும் அதுக்குப் பிறகு வீட்டுல நடக்குறதும்தான் இந்த லெட்டருக்குக் காரணம்.

ஹால் முழுக்க ஏசி, நடுவுல ஒரு மேசையில கண்ணாடிக்குள்ள 40 மாடி கட்டடத்தோட மாடல், உள்ள குட்டி குட்டி லைட்டு, கீழ நீலக்கலர்ல நீச்சல்குளம். அங்க நின்னவங்கள்ல பாதிப் பேர் எனக்குத் தெரிஞ்ச முகம்தான், மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல், புதுக்கடை ஆளுங்க, கல்ஃப்ல ரத்தம் சுண்ட வேலை பாத்தவங்க, இல்லன்னா பிள்ளைங்க பாத்துட்டு இருக்கிறவங்க. என் மருமகனுக்குக் காட்டின துபாய் ஃப்ளாட் ஒரு பெட்ரூம், விலை 9 லட்சத்து 80 ஆயிரம் திர்ஹம், முதல்ல 20 பெர்சென்ட் கட்டணும், பாக்கிக்கு மாசம் ஒரு பெர்சென்ட். "மாசம் ஒரு பெர்சென்ட்தானே மாமா"ன்னு அவன் சொன்னான். நான் அங்கயே போன்ல கணக்குப் போட்டுக் காட்டினேன், ஒரு பெர்சென்ட்னா 9,800 திர்ஹம், இன்னைக்கு ஒரு திர்ஹம் 23 ரூபாய்க்கு மேல, அப்ப மாசம் ரெண்டே கால் லட்சம். முதல்ல கட்டுற 20 பெர்சென்ட் 45 லட்சத்துக்கு மேல வரும். அந்த 45 லட்சம் எங்க இருந்து வரும்னு கேட்டேன். அம்மாட்ட உள்ள விளையை வித்தா வரும்னான்.

அந்த விளை குலசேகரம் போற ரோட்டுல உள்ளால 60 சென்ட் ரப்பர், நூத்தி இருபது மரம் இருக்கும். அத்தான் செத்த பிறகு அக்கா அதை வச்சுத்தான் ரெண்டு பிள்ளைகளையும் படிக்க வச்சா. அவளுக்கு இப்ப 71 வயசு, இன்னைக்கும் பால் வெட்டுற ஆள் வர்றதுக்கு முன்னால எந்திரிச்சு ஆசிட் கலக்கி தட்டெல்லாம் கழுவி வச்சுட்டுதான் காப்பி குடிப்பா, ஒட்டுப்பாலைக்கூட ஒரு சாக்குல சேத்து வச்சு வருஷத்துக்கு ரெண்டு தடவை விப்பா. ரப்பர் விலை விழுந்து கிடந்த வருஷங்கள்லகூட அவ மரத்தை வெட்ட விடல.

நான் ஏன் இவ்வளவு பதறுறேன்னா எனக்கு இது நடந்தது. 2007ல துபாயில எல்லாரும் ஃப்ளாட் புக் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. வெளிநாட்டுக்காரங்க அங்க சில ஏரியாவுல ஃப்ரீஹோல்டா, அதாவது முழு சொந்தமா, சொத்து வாங்கலாம்னு 2002லயே அறிவிச்சு 2006ல சட்டமாவும் கொண்டு வந்துட்டாங்க, விலை மாசத்துக்கு மாசம் ஏறுது, எங்க கேம்ப்ல இருந்த ஆளுங்க ரெண்டு மூணு பேர் சேந்துகூட ஒரு ஸ்டுடியோ புக் பண்ணினாங்க. நானும் பண்ணினேன். 480 சதுர அடி, விலை 4 லட்சத்து 20 ஆயிரம் திர்ஹம். 2008 முடியுறதுக்குள்ள 1 லட்சத்து 26 ஆயிரம் கட்டிட்டேன், அப்ப திர்ஹம் 11, 12 ரூபாய்தான், நம்ம காசுல பதினாலு லட்சம் போல வரும். அதுல அப்பா எனக்குத் தந்த 18 சென்ட் விளையும் எம் பெண்டாட்டியோட 31 பவனும் இருக்கு.

அந்தக் கட்டடம் வர வேண்டிய இடத்துக்கு எதிர்த்தாப்புல ஒரு டவர்ல எங்க கம்பெனிக்கு வேலை கிடைச்சுது. நான் 14வது மாடியில டிபி, அதாவது கரண்ட் பிரிக்கிற பெட்டி, மாட்டிக்கிட்டு நிப்பேன், கீழ பாத்தா என் ஃப்ளாட்டோட குழி தெரியும். துபாயில கடல் பக்கம் தோண்டினா கொஞ்ச ஆழத்துலயே உப்புத்தண்ணி ஊறும், அதை ராத்திரி பகலா பம்பு போட்டு இறைச்சுக்கிட்டே இருந்தாத்தான் அஸ்திவாரம் போட முடியும். அந்தப் பம்புச் சத்தம் எனக்கு தினமும் கேக்கும், அது கேக்குறவரைக்கும் வேலை நடக்குதுன்னு ஒரு தைரியம். 2009 தொடக்கத்துல ஒரு நாள் காலையில வேலைக்குப் போனா சத்தம் இல்ல. ரிப்பேரா இருக்கும்னு நினைச்சேன். ஒரு வாரத்துல குழியில முழங்கால் அளவு தண்ணி, ஒரு மாசத்துல கம்பியெல்லாம் முங்கிப் போச்சு. அந்த வருஷம் நவம்பர்ல துபாய் அரசாங்கத்தோட பெரிய கம்பெனியே கடனைக் கட்ட டைம் கேட்டுது, அப்புறம் சின்ன பில்டர் எங்க நிப்பான். எட்டு வருஷம் அலைஞ்சு 38 ஆயிரம் திர்ஹம் திரும்பக் கிடைச்சுது.

இதுல எனக்கு இன்னைக்கும் ஆறாத விஷயம் ஒண்ணு உண்டு. வீடு கட்டுறதுக்கு முன்னால விக்கிற பில்டர் வாங்குறவங்க பணத்தை அந்த பிராஜெக்ட்டுக்குன்னு தனியா உள்ள எஸ்க்ரோ அக்கவுண்ட்லதான் போடணும்னு துபாயில 2007லயே சட்டம் வந்தாச்சு. நம்ம செக்கு அந்த எஸ்க்ரோ அக்கவுண்ட் பேருக்குத்தான் இருக்கணும். நான் கம்பெனி பேருக்கு எழுதிக் குடுத்தேன். அப்படி ஒரு சட்டம் இருக்குன்னே எனக்குத் தெரியாது, தமிழ்ல சொல்றதுக்கும் ஆள் இல்ல, கேம்ப்ல எங்களுக்கு அரபியும் தெரியாது, அந்த இங்கிலீஷ் அக்ரிமென்ட் 34 பக்கம். அந்த ஒரு செக்குல பேரு மாறி இருந்தா என் கதை வேற மாதிரி போயிருக்கலாம்.

அதனால விக்கிறவங்க சொல்றதும் சட்டத்துல இருக்கிறதும் எங்க எங்க வேறுபடுதுன்னு எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு இங்க எழுதிடுறேன், உங்க பேப்பரைப் படிக்கிறவங்கள்ல பத்து குடும்பத்துக்காவது உபயோகப்படும்.

எக்ஸ்போவுல பெரிய எழுத்துல கோல்டன் விசான்னு போட்டிருந்தது. சொத்து வாங்கி துபாயில பத்து வருஷ கோல்டன் விசா எடுக்கணும்னா சொத்து மதிப்பு 20 லட்சம் திர்ஹம் இருக்கணும். மருமகனுக்குக் காட்டின ஃப்ளாட் அதுல பாதிகூட வராது. நான் அந்த மேசையில இருந்த பையன்கிட்ட கேட்டேன், "இவனுக்கு விசா கிடைக்குமா"ன்னு. "இன்னொரு ஃப்ளாட் சேத்து வாங்கினா கிடைக்கும் சார்"னான். எங்க பக்கத்துல ஒரு ரிட்டயர்டு டீச்சரும் அவங்க வீட்டுக்காரரும் உக்காந்திருந்தாங்க, பாவம் ரெண்டு பேரும் அதைக் கேட்டுட்டு, அப்ப நாங்க 20 லட்சத்துக்கே வாங்கிடலாமான்னு பேசிக்கிட்டாங்க. 20 லட்சம் திர்ஹம்னா 4 கோடியே 60 லட்சம் ரூபாய். காசு இருந்தாலும் இந்தியாவுல குடியிருக்கிற ஒரு ஆள் ஒரு நிதியாண்டுல வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் பேங்க் விட்டிருக்கிற அளவு ரெண்டரை லட்சம் டாலர்தான், எல்ஆர்எஸ்னு சொல்லுவாங்க. டாலருக்கு 3.67 திர்ஹம்னு அங்க கெட்டிப் போட்ட ரேட், அப்ப ஒரு ஆளுக்கு 9 லட்சத்து 18 ஆயிரம் திர்ஹம். புருஷனும் பெண்டாட்டியும் சேந்து அனுப்பினாலும் பதினெட்டரை லட்சம்கூட எட்டாது, மார்ச்ல பாதி ஏப்ரல்ல பாதின்னு ரெண்டு வருஷக் கணக்குல பிரிச்சுத்தான் அனுப்பணும். போதாததுக்கு ஒரு ஆள் வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல அனுப்புற காசுக்கு பேங்க்காரங்க டிசிஎஸ்னு 20 பெர்சென்ட் வரியை முன்கூட்டியே பிடிப்பாங்க. இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் போட்டா அது கணக்குல கழியும் இல்ல திரும்ப வரும், ஆனா அதுவரைக்கும் அந்தக் காசு கையில கிடையாது. இவங்க ரெண்டு பேருக்கும் அது எண்பது லட்சத்துக்கு மேல வரும். எக்ஸ்போவுல யாரும் இதை அவங்ககிட்ட சொல்லல, நான் சொன்னப்ப அந்த டீச்சர் பிரவுச்சரை மூடி மடியில வச்சுக்கிட்டு பேசாம இருந்தாங்க.

என் அக்காவே விளையை வித்து நேரா அனுப்பினாலும் இதே கதைதான், 45 லட்சத்துல 10 போக 35க்கு 7 லட்சம் டிசிஎஸ். மகன் கணக்குக்குக் குடுத்து அவன் என்ஆர்ஓ அக்கவுண்ட்ல (வெளிநாட்டுல வேலை பாக்குறவங்க இங்க வச்சிருக்கிற அக்கவுண்ட்) இருந்து எடுக்கலாம், வருஷத்துக்கு பத்து லட்சம் டாலர் வரைக்கும் வழி உண்டு, அதுக்கு ஆடிட்டர்கிட்ட வரி சர்ட்டிஃபிகேட் எல்லாம் வாங்கணும். எந்த வழியா இருந்தாலும் பேங்க் வழியாத்தான் போகணும். ஹவாலாவுல அனுப்பித் தாறேன், டிசிஎஸ் மிச்சம்னு சொல்ற ஏஜென்ட்டுக்கு தயவுசெஞ்சு யாரும் தலையாட்டாதீங்க, நாளைக்கு கேள்வி வந்தா அவன் போன் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கும்.

இப்ப நான் சொல்லப் போறது நம்ம மாவட்டத்துக்காரங்க அவசியம் தெரிஞ்சுக்க வேண்டியது. வெளிநாட்டுல குடியிருக்கிற இந்தியன், அதாவது என்ஆர்ஐ, இந்தியாவுல வீடு வாங்கலாம், ஃப்ளாட் வாங்கலாம், ஆனா விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க முடியாது, ஃபெமான்னு சொல்ற அந்நியச் செலாவணி சட்டத்துல தடை இருக்கு. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு மாத்தி ஓசிஐ கார்டு எடுத்தவங்களுக்கும் அதே தடைதான். முன்னாலயே கையில இருந்ததை வச்சுக்கலாம், அம்மா அப்பா வழியா வாரிசு உரிமையா வந்தா வச்சுக்கலாம். அப்படின்னா என் மருமகன் இந்த ரப்பர் விளையை இன்னைக்கு வித்துட்டான்னா, வெளிநாட்டுல இருக்கிறவரைக்கும் இதே மாதிரி ஒரு விளையை அவனால திரும்ப வாங்க முடியாது. வித்துட்டா அந்தக் கதவு அடைஞ்சுது. விக்காம அம்மா பேருலயே விட்டுட்டா அவ காலத்துக்குப் பிறகு அவன் எங்க இருந்தாலும் அவன் பங்கு அவனுக்கு வரும். நான் இதைச் சொன்னப்ப அவன் நம்பல, அவனோட பேங்க் மேனேஜர்கிட்ட போன் போட்டுக் கேட்டுட்டு வந்துதான் நம்பினான்.

அந்த ஹால்ல கிரீஸ் மேசையும் ஒண்ணு இருந்தது. வெள்ளைச் சுவரும் நீலக் கடலும் உள்ள படம். ரெண்டரை லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினா ஐரோப்பாவுல தாமசிக்கலாம்னு சொன்னாங்க. 2013ல அப்படித்தான் ஆரம்பிச்சாங்க, உண்மைதான். 2024ல ஏதென்ஸ், தெசலோனிக்கி, சாண்டோரினி மாதிரி இடத்துல 8 லட்சம் யூரோ ஆக்கிட்டாங்க, மத்த இடத்துல 4 லட்சம். கடை, ஆபீஸ் மாதிரி இருந்த கட்டடத்தை வீடா மாத்துறது, பாதுகாக்கணும்னு பட்டியல்ல உள்ள பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறது இதுக்குத்தான் இப்ப அந்த ரெண்டரை லட்சம். அதோட அந்த விசாவுல சம்பளத்துக்கு வேலை பாக்க முடியாது. என் மருமகன் பெண்டாட்டி நர்ஸ், நம்ம மாவட்டத்துல எத்தனை வீட்டுல நர்ஸ் சம்பளத்துல அடுப்பு எரியுதுன்னு உங்களுக்குத் தெரியும், அந்தப் புள்ளை அங்க போயி ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர முடியாதுன்னா மாசம் வீட்டுக்கு என்ன வரும்? போர்ச்சுகல் வீடு வாங்கி விசா எடுக்குறதை 2023 அக்டோபரோட நிறுத்திட்டாங்க. ஸ்பெயின் 2025 ஏப்ரல் 3ஆம் தேதியோட அந்த கோல்டன் விசாவையே மூடிட்டாங்க. அங்க உள்ளூர் ஜனத்துக்கு வாடகைக்கு வீடு கிடைக்கல, வெளியில இருந்து வந்தவங்க வாங்கி விலையை ஏத்திட்டாங்கன்னு அவங்க நாட்டுல பெரிய பேச்சா ஆச்சு, அரசாங்கம் சட்டத்தை மாத்திச்சு. அவங்க நாடு, அவங்க முடிவு. நாம காசைக் கட்டிட்டு நடுவுல நிக்கிறப்ப சட்டம் மாறினா நமக்கு அங்க ஓட்டும் இல்ல கேக்க ஆளும் இல்ல. நம்ம நாட்டுல இரட்டைக் குடியுரிமையும் கிடையாது.

வெயிலைப் பத்தியும் சொல்லணும். வருஷம் முழுக்க வெயில்னு போட்டிருக்கிற அந்த துபாயில ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் பன்னிரண்டரையில இருந்து மூணு மணி வரைக்கும் வெளிய வெயில்ல ஆளை வேலை வாங்கக் கூடாதுன்னு அரசாங்கமே சட்டம் போட்டிருக்கு. அந்த மூணு மாசம் நாலு சுவத்துக்குள்ள ஏசியிலதான் வாழ்க்கை. வேலைக்குப் போறவங்களுக்கு அது பழகிடும். அம்மாவையும் கொண்டு போறேன்னு மருமகன் சொல்றான், விடியக்காலம் விளையில நடக்குற மனுஷி அவ, 23வது மாடியில ஜன்னலைத் திறக்க முடியாத ரூம்ல என்ன செய்வா? வயசானவங்களுக்கு அங்க ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டாயம் எடுக்கணும், வயசு ஏற ஏற பிரீமியமும் ஏறும், ஏற்கனவே உள்ள சுகருக்கும் பிரஷருக்கும் பாலிசியில என்ன எழுதியிருக்குன்னு பாக்காம யாரும் அம்மா அப்பாவைக் கொண்டு போகாதீங்க.

அங்க வாங்கி நல்லா இருக்கிறவங்களும் உண்டு, அதையும் சொன்னாத்தான் நியாயம். என்கூட ஒரே ரூம்ல கிடந்த ஒரு தூத்தூர்க்காரர் 2012ல, விலை கீழ கிடந்தப்ப, கட்டி முடிச்ச ஃப்ளாட்டா பாத்து வாங்கினார். அவர் அங்கயே சம்பாதிச்ச திர்ஹம், ஊர்ல ஒரு சென்ட்கூட விக்கல, லேண்ட் டிபார்ட்மென்ட்டுக்கு ஃபீஸ் கட்டி டைட்டில் டீடு அன்னைக்கே கையில வாங்கினார். பால்காய்ப்புக்கு எங்களையெல்லாம் கூப்பிட்டு கரண்ட் அடுப்புல பால் பொங்க வச்சாங்க, அந்தம்மா ஊர்ல இருந்து கொண்டு வந்த மட்டிப்பழம் ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க. வருஷா வருஷம் சர்வீஸ் சார்ஜ் கட்டுறார், சதுர அடிக்கு 15 திர்ஹம், 600 அடிக்கு 9,000 திர்ஹம், வீட்டுல ஆள் இருந்தாலும் இல்லாட்டாலும் கட்டணும். எக்ஸ்போவுல வாடகை இவ்வளவு பெர்சென்ட் வரும்னு சொல்றவங்க இதைக் கழிக்காமத்தான் சொல்றாங்க. அவர் தன் சொத்துக்கு அங்கயே உயிலும் பதிஞ்சு வச்சிருக்கார், முஸ்லிம் அல்லாதவங்க உயில் பதியுறதுக்கு துபாயோட நிதி மையமான டிஐஎஃப்சியில 2015ல இருந்தே வழி இருக்கு. ஊர்ல ஒரு பத்திரத்துக்கு மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா, எல்லைக்கல் வரைக்கும் பாக்குற நம்ம ஆளுங்க அவர் மாதிரி அங்கயும் பாக்கணும்.

பாக்குறதுக்கு இப்ப வழியும் இருக்கு, 2008ல எனக்கு இல்லாதது. துபாய் லேண்ட் டிபார்ட்மென்ட்டுக்கு துபாய் ரெஸ்ட்னு ஒரு ஆப் இருக்கு, பிராஜெக்ட் பேரைப் போட்டா பதிஞ்சிருக்கா, வேலை எத்தனை பெர்சென்ட் முடிஞ்சிருக்குன்னு நாமளே பாக்கலாம். காசு கட்டுறதுக்கு முன்னால எஸ்க்ரோ அக்கவுண்ட் நம்பரைக் கேட்டு வாங்கி அதுல உள்ளதோட ஒத்துப் பாருங்க. காசு கட்டின உடனே உகூத்னு சொல்ற அந்த தற்காலிகப் பதிவு நம்ம பேருல வந்துதான்னு பாருங்க. நம்ம ஊர்ல வீடு வாங்குறவங்களுக்காக 2016ல வந்த ரெரா சட்டம் இங்க உள்ள பிராஜெக்ட்டுக்குத்தான், நாகர்கோவில் ஹோட்டல்ல வச்சு வித்தாலும் துபாய் கட்டடத்துக்கு நம்ம ரெராவுல போயி கேஸ் குடுக்க முடியாது.

ஊருக்குத் திரும்பி வர்றவங்க இன்னொண்ணும் கவனிக்கணும். வெளிநாட்டுல இருந்தப்ப வாங்கின சொத்தை ஊருக்கு வந்த பிறகும் வச்சுக்கலாம், தப்பு இல்ல. ஆனா இங்க முழு ரெசிடென்ட் ஆன பிறகு இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன்ல ஃபாரின் அசெட் ஷெட்யூல்ல அதைக் காட்டியே ஆகணும், காட்டாம விட்டா 2015ல வந்த கறுப்புப்பண சட்டத்துல 10 லட்சம் ரூபாய் அபராதம் இருக்கு. நம்ம பக்கத்துல எத்தனையோ பேர் மறைக்கணும்னு இல்லாம, தெரியாமலே காட்டாம இருக்காங்க.

ஆசிரியர் அவர்கள்கிட்ட நான் கேக்குறது இதுதான். விளம்பரம் போடாதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல, பத்திரிகை நடத்த காசு வேணும். அந்த மாதிரி எக்ஸ்போ வர்ற வாரம், அதே பேப்பர்ல ஒரு அரைப்பக்கம் இந்த விவரங்களையும் ஒரு நல்ல ஆடிட்டரையோ வக்கீலையோ வச்சு எளிய தமிழ்ல போடுங்க. சென்னையில அயலகத் தமிழர் நல ஆணையரகம் இருக்கு, வெளிநாட்டுல மாட்டிக்கிட்டவங்களுக்கு அவங்க செய்யுற உதவி பெரிசு, அவங்க வழியா நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல மாசம் ஒரு நாளாவது இதுக்குன்னு ஒரு ஆள் உக்காந்து சனங்க கொண்டு வர்ற பேப்பரைப் படிச்சுச் சொன்னா போதும். எனக்கு அந்த 34 பக்கத்தை யாராவது ஒரு மணி நேரம் உக்காந்து படிச்சுச் சொல்லியிருந்தா போதும்னுதான் நான் இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

விளைக்கு ஆள் வந்து பாத்துட்டுப் போயாச்சு, சென்ட் ஒண்ணே கால் லட்சம் சொல்லியிருக்காங்க, வர்ற 15ஆம் தேதி அட்வான்ஸ் எழுதுறதா பேச்சு. மருமகன் இப்ப கொஞ்சம் யோசிக்கிறான், ஆனா புக்கிங் ஆஃபர் முடியப் போகுதுன்னு அவனுக்கு தினமும் மூணு போன் வருது. அக்கா வாய் திறந்து வேண்டாம்னு சொல்ல மாட்டா, பிள்ளை கேட்டா கையெழுத்துப் போட்டுருவா. நான் நேர்ல சொன்னா எனக்கு நஷ்டம் வந்ததனால பயப்படுறேன்னு நினைக்கிறா. அவ வீட்டுக்கு உங்க பேப்பர் காலையில ஆறரைக்கு வரும், பால் வேலை முடிச்சுட்டு வீட்டு முன்பக்கப் படிப்புரையில உக்காந்து கண்ணாடியைப் போட்டு ஒரு எழுத்து விடாம படிப்பா. 15ஆம் தேதிக்கு முன்னால இதைப் போட முடியுமான்னு பாருங்க.

இப்படிக்கு,
கருங்கல் பக்கத்துல இருந்து உங்க வாசகர் ஒருவர்